கப்பல் வீட்டுப் பால்காய்ப்பு

இந்த ரசமட்டம் உங்களுதா அண்ணாச்சி? எடுத்து மடியில வச்சுக்கிடுங்க, பஸ் வளையும்போது சீட்டுக்கு அடியில உருளுது. கொத்தனாரா? நல்லதாப் போச்சு. எங்க, சாயல்குடியா? நான் அதுக்கு முன்னாடி வேம்பார்லயே இறங்கிருவேன். கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உக்காருதீயளா, ஜன்னல் எனக்கு வேணும். வேம்பார்ல ரோட்டோரமா ஒரு வீட்டைப் பாக்கணும். என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா, அவ தங்கச்சி வீட்ல. கூட்டிட்டு வரத்தான் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியலை.

சண்டைன்னு நினைச்சிராதீய. சண்டைன்னா சுளுவா முடிஞ்சிருமே. இது வீட்டு பிளான்ல வந்த தகராறு. நீங்க கொத்தனாருங்கறதால கேக்குதேன், நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

ஒரு வீட்டுக்கு பிளான் போடும்போது முதல்ல என்ன பாப்பீய? வாஸ்து பாப்பீய. இல்லைன்னா வீட்டுக்காரம்மா கை காட்டுத இடத்துல அடுப்படியைக் கட்டிருவீய. அங்கதான் தப்பு. வீட்ல முதல்ல பாக்க வேண்டியது ஆள் நடமாட்டம். யாரு எந்த வழியா போவா, யாரு யாரு கண்ணுல படலாம், யாரு படக்கூடாது. இதெல்லாம் நான் சும்மா சொல்லலை. பதினேழு வருஷம் சொகுசுக் கப்பல்ல வேலை பாத்தவன் நான். பெர்க்மான்ஸ்னு தூத்துக்குடியில கேட்டுப் பாருங்க.

சொகுசுக் கப்பல்னா ஆயிரம் ரெண்டாயிரம் பேரு ஏறிப் போவாவளே, அது இல்லை. இது ஒரே ஒரு முதலாளிக்குச் சொந்தம். யாட்னு சொல்லுவாவ. அவரு வருஷத்துல கொஞ்ச நாள் வந்து இருப்பாரு. மிச்ச நாள் பூரா நாங்க பன்னெண்டு பேரு அதைத் துடைச்சுக்கிட்டு இருப்போம். கப்பல் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். முதலாளி விவரம் வெளிய போகக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காவ. மத்ததெல்லாம் சொல்லுதேன்.

அந்த ரசமட்டத்தை இங்க குடுங்க. இதுதான் கப்பல்னு வச்சுக்கிடுங்க. இந்த முனை முன்பக்கம், அந்த முனை பின்பக்கம். பின்பக்கம் தண்ணியோட ஒட்டி ஒரு மேடை. நீந்திட்டு வந்து ஏறுததுக்கு. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் செருப்பைக் கழட்டிக் கூடையில போட்டுட்டு வெறுங்காலோடதான் கப்பலுக்குள்ள ஏறணும். அது ஒண்ணுதான் நம்ம வழக்கம்.

அப்படியே மேல வந்தா முதல் தளம். கண்ணாடிக் கதவு தானாத் திறக்கும். உள்ள பெரிய ஹால், சோபா, அதுக்கு அடுத்தாப்ல சாப்பாட்டு மேஜை. இன்னும் முன்னாடி போனா முதலாளி ரூம். கப்பலோட அகலம் பூரா அந்த ஒரு ரூம்தான் அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் ஜன்னல், காலையில இந்தப் பக்கம் சூரியன், சாயங்காலம் அந்தப் பக்கம். பளிங்குல குளியல்தொட்டி. துணி மாட்டுததுக்கே ஒரு தனி ரூம், நான் பிறந்த வீடு அந்த அளவுதான் இருக்கும். அதுக்கு மேல ரெண்டாவது தளம், கேப்டன் நின்னு ஓட்டுத இடம், சும்மா உக்காந்து கடலைப் பாக்க ஒரு ஹால். அதுக்கும் மேல மொட்டைமாடி. அங்க ஒரு தொட்டியில வெந்நீர் கொப்புளிச்சுக்கிட்டே இருக்கும். கடலுக்கு நடுவுல எதுக்குத் தொட்டின்னு நான் கேட்டதில்லை.

இப்ப கீழ வாங்க. ஹாலுக்கு அடியில விருந்தாளி ரூம் நாலு. அதுக்குப் பின்னாடி இஞ்சின். முன்பக்கம், கப்பல் ஒடுங்கிக் கூர்மையாப் போகுது பாருங்க, அந்த மூக்குக்குள்ள நாங்க பன்னெண்டு பேரும். ரெண்டடுக்குக் கட்டில், நான் மேலடுக்கு. மல்லாந்து படுத்தா மூக்குக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு பைபிளை வைக்கலாம். கையகலத்துக்கு வட்டக் கண்ணாடி ஒண்ணு உண்டு. அதுல பாதி நேரம் பச்சைத் தண்ணிதான் தெரியும்.

ஆனா சூட்சுமம் இதுல எதுலயும் இல்லை. சூட்சுமம் என்னன்னா, அந்தக் கப்பலுக்குள்ள ரெண்டு பாதை. ஒண்ணு முதலாளிக்கும் விருந்தாளிக்கும். இன்னொண்ணு எங்களுக்கு. எங்க பாதைக்குக் கதவு கிடையாது, அதாவது உண்டு, பாத்தா மரச்சுவர் மாதிரி இருக்கும். லேசா அமுக்கினாத் திறக்கும். சமையல்கட்டுல இருந்து மேல சாமான் அனுப்ப ஒரு குட்டி லிஃப்ட். ரூம் ரூமுக்கு ஒரு பெல் பொத்தான், அமுக்கினா சமையல்கட்டுல இருக்குத பலகையில எந்த ரூம்னு விளக்கு எரியும். முதலாளி காப்பிக் கப்பைக் கீழ வச்சிட்டுக் கடலைப் பாப்பாரு. திரும்பினா கப்பு இருக்காது. என்னையும் பாக்க மாட்டாரு. பதினேழு வருஷத்துல அந்த மனுஷனுக்கு என் பேரு தெரியாது. அவ்வளவு சுத்தமா வேலை பாத்திருக்கேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். தாளமுத்துநகர் தாண்டி நாலு சென்ட் வாங்கிப் போட்டிருந்தேன். ஊருக்கு வந்து வீடு கட்டணும்னு தீர்மானம் ஆனதும் பிளானை நானே வரைஞ்சேன். பிரகாசிகிட்ட போன்ல கேட்டேன். பிரகாசிதான் என் வீட்டுக்காரி. உனக்கு என்ன வேணும், பளிங்கு வேணுமா, தேக்கு வேணுமா, சொல்லுன்னேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அடுப்படில நின்னா வாசல் தெரியணும்."

"எதுக்கு?"

"யாரு வாரான்னு பாக்கணும்லா."

பாத்தியளா? இதை யாராவது கேப்பாவளா? அடுப்படில இருந்து வாசல் தெரிஞ்சா வாசல்ல இருந்து அடுப்படியும் தெரியும்லா. விருந்தாளி உள்ள வரும்போதே சட்டி, பானை, கரண்டி எல்லாம் கண்ணுல படும். வாடகை வீட்ல அப்படித்தான் இருந்துச்சு. அடுப்புக்கு நேரா வாசல், வாசலுக்கு நேரா ரோடு. நான் லீவுல வரும்போதெல்லாம் ஆட்டோ நிக்குததுக்கு முன்னாடியே அவ படியில நிப்பா, கரண்டி கையில இருக்கும். கொதிக்கக் கொதிக்க விட்டுட்டு வந்துட்டியேன்னு சத்தம் போடுவேன். அந்தக் கூத்தெல்லாம் புது வீட்ல வேணாம்னுதான் பாத்தேன்.

அதனால நான் என்ன செஞ்சேன், கீழ்த்தளத்துல விருந்தாளி ரூம் ரெண்டு, பின்னால அடுப்படி. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு சுவரு, அதுல மரப்பலகை அடிச்சு, பலகையோட பலகையா அந்த ரகசியக் கதவு. மேல ஹால். கப்பல்ல மாதிரியே அடுப்படில இருந்து ஹாலுக்கு ஒரு குட்டி லிஃப்ட், ரூம் ரூமுக்குப் பெல் பொத்தான், அடுப்படில விளக்குப் பலகை. முன்பக்கம் வீட்டு அகலம் பூரா முதலாளி ரூம், அப்படித்தான் நான் சொல்லுவேன். மொட்டைமாடியில தொட்டி, இன்னும் வெந்நீர் வரலை. அலமாரிக்கெல்லாம் கொக்கி, மேஜைக்கு விளிம்பு, கட்டிலைத் தரையோட முடுக்கியாச்சு. வீடு ஆடுமா மச்சான்னு என் மச்சினன் கேக்கான். ஆடினா என்ன, ஆடாட்டா என்ன, ஒரு ஒழுங்குன்னு இருக்குல்லா.

அடுப்படி ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் செஞ்சது. நின்ன இடத்துல இருந்து கையை நீட்டினா எல்லாம் எட்டும். ரெண்டாவது ஆளு நுழைய முடியாது, நுழையவும் வேண்டாம். வட்ட ஜன்னல் ஒண்ணு வச்சேன். பக்கத்துலயே ஒரு சின்னக் கட்டிலும் போட்டேன், மத்தியானம் அவ கால் நீட்ட. மேல ஏறி வரணும்னு அவசியமே இல்லை. பின்பக்கமா சந்துக்கு ஒரு கதவு, மீன்காரம்மா அதுவழியா வரலாம். வாசல் தெரியணும்னு கேட்டா பாருங்க, அதையும் நான் தட்டலை. வாசல்ல கேமரா மாட்டி, அடுப்புக்கு மேல ஒரு டிவி வச்சுக் குடுத்தேன். கலர் டிவி. எந்தப் புருஷன் செய்வான்? அவ கொஞ்ச நேரம் அதைப் பாத்தா. தெரு நாய் ஒண்ணு வந்து போச்சு. அவளுக்குப் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன்.

பால்காய்ப்பு வச்சோம். எங்க ஆளுகள்ல ஃபாதர் வந்து வீட்டை மந்திரிச்சு ரூம் ரூமாத் தீர்த்தம் தெளிப்பாவ, அப்புறம் பாலைப் பொங்கவிடுவோம். ஃபாதர் எல்லா ரூமும் முடிச்சிட்டு, "அடுப்படி எங்கப்பா?"ன்னாவ. அதைக் காட்டக்கூடாதே ஃபாதர், அதுதானே பிளான்னு சொன்னேன். "பாலு அங்கதானே பொங்கும், அதை மந்திரிக்காம எதை மந்திரிக்க?"ன்னாவ. சரின்னு பலகையை அமுக்கித் திறந்தேன். ஃபாதர் கொஞ்சம் பெருத்த உடம்பு. உள்ள அடுப்படிக்குப் போற பாதை ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற அகலம்தான். பாதியில மாட்டிக்கிட்டாவ. அங்க நின்னே கையை நீட்டித் தீர்த்தத்தை வீசினாவ. பிரகாசி மூஞ்சியில பட்டுச்சு. அவ சிரிச்சா. அன்னைக்கு அவ சிரிச்சது அந்த ஒரு தடவைதான், இப்ப யோசிச்சா.

பால் பொங்குததைப் பாக்கணும்னு சொந்தக்காரங்க எல்லாம் நின்னாவ. எப்படிப் பாக்க? எல்லாரும் மேல ஹால்ல உக்காருங்கன்னு உக்கார வச்சேன். லிஃப்ட்ல பெல் அடிச்சுது. குட்டி லிஃப்ட் கதவைத் திறந்தா, தட்டு நிறைய தம்ளர், தம்ளர் நிறைய பால். ஒரு சொட்டு சிந்தலை. எல்லாரும் கைதட்டினாவ அண்ணாச்சி. பொங்குச்சான்னு ஒரு பெரியம்மா கேட்டா. பொங்கியிருக்கும்னு சொன்னேன். அதுக்கு அப்புறம் ஆப்பம், கோழிக் குழம்பு, அல்வான்னு ஒண்ணொண்ணா ஏறி வருது. காலித் தட்டு இறங்கிப் போவுது. ஒருத்தர் எந்திரிக்கலை. அந்த முதலாளி வந்து பாத்திருந்தா அசந்திருப்பாரு.

எல்லாரும் போனதுக்கு அப்புறம், இன்னொரு காப்பி குடிப்போம்னு பெல் அமுக்கினேன். வரலை. மறுபடியும் அமுக்கினேன். மக ரெக்சி கீழ போய்ப் பாத்துட்டு வந்து, "அப்பா, அம்மா இல்லை"ன்னா. பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து வச்சிருக்கா. பின்கதவு சாத்தியிருக்கு. சந்து வழியா நடந்து, வேம்பார் பஸ்ஸைப் பிடிச்சுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. வீடு நிறைய ஆளு, ஒருத்தர் கண்ணுலயும் படலை. அந்தப் பாதை அப்படி அமைஞ்சிருக்கு. பொய் சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

போன் பண்ணினா எடுக்கா. நல்லாத்தான் பேசுதா. சாப்பிட்டீயளா, மாத்திரை போட்டீயளான்னு கேக்கா. எப்ப வாரன்னு கேட்டா மட்டும், அடுப்புல சட்டி இருக்குன்னு வச்சிருதா. அப்புறம் கொழுந்தியா லில்லிதான் போனை வாங்கிச் சொன்னா. "அத்தான், அக்கா அந்த வீட்டுக்கு வேலைக்காரியா வரமாட்டாளாம். நீங்க வேணும்னா இங்க வந்து இருங்க"ன்னு. வேலைக்காரியா? யாரு சொன்னா? அது வேலைக்காரி இடமா? அதே மாதிரி இடத்துல நான் பதினேழு வருஷம் இருந்திருக்கேன். நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?

நீங்க ஏன் ரசமட்டத்தையே பாக்குதீய? சரி, இன்னும் கேளுங்க.

ரெக்சியும் அவ மாப்பிள்ளையும் சென்னைக்குப் போயிட்டாவ. வீட்ல நான் மட்டும். அவ்வளவு பெரிய ரூம், எனக்குத்தானே கட்டினேன், போய்ப் படுத்தேன். தூக்கம் வரலை. மெத்தை நடுவுல படுத்தா ரெண்டு பக்கமும் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு. விடியக்காலம் சூரியன் மூஞ்சியில அடிக்கு. ரெண்டு மூணு நாள் பாத்தேன். பிறகு அடுப்படிக்குப் பக்கத்துல போட்ட சின்னக் கட்டில்ல போய்ப் படுத்தேன் பாருங்க, அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கிட்டேன்.

ஒரு மத்தியானம் பெல்லெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாப்போம்னு மேல போய் முதலாளி ரூம் பொத்தானை அமுக்கினேன். கீழ டிங்னு கேட்டுச்சு. அண்ணாச்சி, நீங்க சிரிக்கக்கூடாது. நான் கீழ ஓடினேன். அமுக்குனதும் நான்தான், ஓடுனதும் நான்தான். பலகையில விளக்கு எரியுது, முதலாளி ரூம்னு. எரியுத விளக்கைப் பாத்துட்டு எப்படிச் சும்மா நிக்க? டீ போட்டேன். தட்டுல வச்சு, துணியை மடிச்சுக் கையில போட்டு, மேல கொண்டுபோனேன். கதவை ரெண்டு தட்டுத் தட்டிட்டு நின்னேன். யாரும் வாங்கன்னு சொல்லலை. அப்புறம்தான் என் வீடுன்னு ஞாபகம் வந்துச்சு. டீ அதுக்குள்ள ஆறிப்போச்சு.

அதுக்கு அப்புறம் மேல அவ்வளவாப் போறதில்லை. அடுப்படிலயேதான் இருக்கேன். கஞ்சி வைக்கேன், துவையல் அரைக்கேன். அந்த டிவியைப் பாத்துக்கிட்டே இருப்பேன். வாசல் நல்லாத் தெரியுது. பால்காரன் வாரான், பேப்பர் போடுதவன் வாரான், அந்த நாய் வருது. வேற யாரும் வரலை. சில நேரம் அடுப்புல என்ன வச்சேன்னே மறந்துபோகுது. நேத்து சோறு அடிப்பிடிச்சிருச்சு. நான் சொல்லுதேன், அந்த டிவி சரியில்லை. ஆளு வந்து நின்ன பிறகுதான் அதுல தெரியுது. தூரத்துல வரும்போதே தெரிஞ்சாத்தானே அது வாசல்?

அதனால இப்ப ஒரு முடிவோட போறேன். பிரகாசிகிட்ட சொல்லப்போறேன், மேல இருக்குத ரூமை நீ எடுத்துக்கோ. அகலம் பூரா உனக்குத்தான். கால் மேல கால் போட்டு உக்காரு. என்ன வேணும்னாலும் பெல்லை அமுக்கு. நான் கீழ இருக்கேன். பெல் சத்தம் கேட்டா ஓடி வார வேலை எனக்கு நல்லாத் தெரியும். அவ காப்பி குடிச்ச கப்பு எப்படிப் போச்சுன்னு அவளுக்கே தெரியாது. உண்மையைச் சொன்னா, அந்த வீட்ல எனக்கு இருக்கத் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான். ஆனா கேட்டா என்ன சொல்லுவா தெரியுமா? அதுக்கும் சிரிப்பா. எனக்குப் பெல்லும் வேணாம், ரூமும் வேணாம்பா. அப்ப என்னதான் வேணும் அவளுக்கு? அதை யோசிச்சு யோசிச்சுத்தான் எனக்கு நெஞ்சு வலிக்குது அண்ணாச்சி. அவ இல்லாம அந்த வீட்ல இருக்க முடியலை, அவ்வளவுதான் விஷயம். வரமாட்டேன்னு சொல்லிட்டான்னா என்ன செய்யன்னு எனக்குத் தெரியலை.

கண்டக்டர், வேம்பார், வேம்பார். இந்தப் பையை ஒரு கை பிடிங்க அண்ணாச்சி. அவளுக்கு மஸ்கோத் அல்வா, முதலூர்ல போய் வாங்கினேன்.

அந்தா பாருங்க, ஆலமரத்துக்கு அடுத்து நீலக் கதவு போட்ட ஓட்டுவீடு. அதான் லில்லி வீடு. ரெண்டே ரூம்தான். வாசலைத் திறந்து போட்டிருக்காவ, புகை வருது பாருங்க, அதான் அடுப்படி, அப்படியே தெரியுது ரோட்ல இருந்து. யாரோ அடுப்புக்கிட்ட நிக்கா. பிரகாசி மாதிரித்தான் இருக்கு. பஸ்ஸைப் பாக்கா.

இருங்க இருங்க. கிளம்பி வாரா. படிக்கு வந்துட்டா. நான் வாரேன்னு போன் பண்ணலை அண்ணாச்சி. நான் இன்னும் சீட்டை விட்டே எந்திரிக்கலை. பெல்லும் அடிக்கலை, ஒண்ணும் அடிக்கலை, அதுக்குள்ள வந்து நிக்கா. கையில என்ன அது, கரண்டியா? கரண்டிதான்.

இந்தா, இறங்குதேன் கண்டக்டர், ஒரு நிமிஷம். அண்ணாச்சி, உங்க நம்பரைச் சொல்லுங்க. சொல்லுங்க, மனசுல வச்சுக்கிடுதேன். நாளைக்கே வர முடியுமா? அந்தப் பலகை அடிச்ச சுவரு ஒண்ணுதான். அதை இடிச்சிட்டா அடுப்புல இருந்து ரோடு வரைக்கும் நேராத் தெரியும். பயப்படாதீய, நாலரை இஞ்சுச் சுவரு. நான்தானே கட்டினேன், எனக்குத் தெரியும். அது எதையும் தாங்கிக்கிட்டு நிக்கலை.